பிப்ரவரி பதினொன்றுக்கு ஒரு படகு

லூசியானாவின் தென்கோடியில் நிலம் நாணலாகி, நாணல் தண்ணீராகிக் கரைந்துபோகிற இடத்தில் மெல்பா லிரெட்டின் வீடு பதினாறடி மரக்கால்களில் நின்றது. தொலைபேசி சமையலறைச் சுவரில் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் அவள் அதன் அடியில் நின்றுகொண்டே புருஷன் நோலனுக்கு வாடிக்கையாளர்களைப் பதிவு செய்தாள். ஒரு கை கும்போ குழம்பைக் கிண்டும், மறு கை சுவர் நாட்காட்டியில் பேரை எழுதும். எத்தனை பேர், அரை நாளா முழு நாளா, இதற்குமுன் தூண்டில் பிடித்ததுண்டா, படகு ஆடினால் வாந்தி வருமா என்று நாலே கேள்வி கேட்பாள். குரலை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவாள். "வியாழக்கிழமை வர்றவரு பெரிய வாய். சனிக்கிழமை ஆளு தங்கம், ஆனா ஒண்ணும் தெரியாது" என்பாள். நோலன் தொப்பியைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். அவள் சொன்னபடிதான் இருக்கும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரி பதினொன்றில் நோலன் ஒரு வாடிக்கையாளரோடு மூடுபனியில் போனார். சதுப்புக்குள் சிப்பி முனைக்குப் பக்கத்தில், யாரோ எப்போதோ கைவிட்டுப்போன எண்ணெய்க் கிணற்றின் இரும்புக் குழாய் ஒன்று தண்ணீருக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். படகு அதில் மோதியது. வாடிக்கையாளர் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்தார். படகும் கிடைத்தது, முன்பக்கம் கிழிந்து. நோலன் மட்டும் கிடைக்கவில்லை. பதின்மூன்று நாள் தேடினார்கள். வெறும் பெட்டியைப் புதைக்க மெல்பா சம்மதிக்கவில்லை. பாதிரியார் இரண்டு முறை வந்து பேசிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் அவள் செய்ததைத்தான் ஊரால் ஜீரணிக்க முடியவில்லை. ஐம்பத்து நாலு வயசில் வகுப்புக்குப் போய்ப் படித்துப் படகோட்டி உரிமம் எடுத்தாள். கிழிந்த படகுக்கு ஒட்டுப்போட்டுப் பூசி அதையே ஓட்டினாள். துறையில் தூண்டிலுக்கு இரை விற்கிற கடை வைத்திருந்த குளோவிஸ், நோலனுக்குச் சித்தப்பா மகன், வாய் ஓயாமல் சொல்லிப் பார்த்தான்.

"மெல்பா, அந்தப் படகை வித்துடு. ஆள முழுங்கின படகு அது."

"படகு முழுங்கல. தண்ணி முழுங்கிச்சு. தண்ணிய வித்துட முடியுமா உன்னால? இறால் நாலு டஜன் போடு. உயிரோட இருக்கறதாப் பாத்துப் போடு."

பனி லேசாக இறங்கினாலும் அவள் பயணத்தை ரத்து செய்துவிடுவாள். அதற்கும் அவன் விடமாட்டான். "உங்க வீட்டுக் காப்பில ஆவி வந்தாக்கூட வந்த ஆள திருப்பி அனுப்பிடுவ போல" என்பான்.

வாடிக்கையாளர்கள் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள். ஓட்டும்போது நாணல் ஓரங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள், சேற்றில் வெளுப்பாக எது தெரிந்தாலும் விசையைக் குறைப்பாள். மீன் தேடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். சில சமயம் அந்த இடத்தில் மீனும் இருக்கும். அவள் தேடியது மீனை இல்லை. கொக்கு எலும்பு, நைந்த சட்டை, வெயிலில் வெளுத்த மிதவை என்று நாலு வருஷத்தில் என்னென்னவோ பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தரமும் பக்கத்தில் போய்ப் பார்த்த பிறகுதான் விசையைக் கூட்டுவாள்.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, பாவமன்னிப்புக் கூண்டிலும் சொன்னதில்லை. நோலன் போன அன்று காலையில் அவர் ஜன்னலருகே நின்று, "கைய நீட்டினா கை தெரியல மெல்பா. அந்த மனுஷன்கிட்ட இன்னொரு நாள் வரச் சொல்லிடவா?" என்று கேட்டார். அவள் அடுப்பில் ஏதோ கருகுகிற அவசரத்தில் இருந்தாள். "ஆர்கன்சாலேருந்து ஒம்பது மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்காரு. பனி ஒம்பது மணிக்கெல்லாம் விலகிடும். போயிட்டு வாங்க" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

இந்த ஜனவரியில் ஒரு பெண் கூப்பிட்டாள். பேர் கென்ட்ரா மேப்ஸ்.

"அப்பாவுக்காகப் பதிவு பண்ணணும் மேம். அவரு ஒருத்தர்தான். கடலுக்கெல்லாம் வேணாம், உள்பக்கம் சதுப்புலயே போதும்."

"படகுல தானா ஏறி இறங்குவாரா?"

"ஏறிடுவாரு. அறுபத்தெட்டு வயசு. ஆனா..." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "நாலு வருஷமா தண்ணி கிட்டயே போகல. வீட்ல குளியல் தொட்டிய எடுத்துட்டோம். வாளில மொண்டுதான் குளிக்கறாரு. இப்ப திடீர்னு மீன் பிடிக்கப் போகணுங்கறாரு. உங்க பேரச் சொல்லிக் கேட்டாரு. பிப்ரவரி பதினொண்ணுதான் வேணுமாம்."

மெல்பா அந்தத் தேதிக்கு யாரையும் எடுத்ததே இல்லை. நாட்காட்டி வந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டத்தில் குறுக்கே கோடு போட்டுவிடுவாள். இப்போதும் போட்டிருந்தாள். வேறு தேதி சொல்ல வாயைத் திறந்தவள், "ஆறரைக்குத் துறைக்கு வரச் சொல்லுங்க. கம்பளிச் சட்டை போட்டுட்டு வரட்டும்" என்றாள். தொலைபேசியை வைத்தபிறகு கோட்டின் மேலேயே பேரை எழுதினாள்.

பதினொன்றாம் தேதி காலையில் வாடைக்காற்று வானத்தைத் துடைத்து வைத்திருந்தது. பனி இருக்கும், தப்பித்துக்கொள்ளலாம் என்று மனசின் ஒரு மூலை நம்பியிருந்தது. வெகுதூரத்து நாணல்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மகள் வண்டியிலிருந்து இறக்கிவிட்ட மனிதர் உயரமாக, தோள் கூனி, படகின் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே ஒட்டுப்போட்ட இடம் நிறம் மாறித் தெரிந்தது.

"காலை வணக்கம் மேம்" என்றார்.

முகத்தை அவள் பார்த்ததில்லை. விசாரணை நடந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார், பிறகு ஊருக்குப் போய்விட்டார். ஆனால் அந்தக் குரல் அவள் சமையலறைக்குள் வந்த குரல். நாலு வருஷத்துக்கு முன், வாந்தி வருமா என்று அவள் கேட்டதற்கு, "கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குத்தான் வரும் மேம்" என்று சொன்ன குரல்.

"ஹார்லன் டிப்டன்" என்றாள் அவள். அன்று நோலனோடு போய்ப் பிழைத்தவர்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "என் பேரச் சொன்னா எடுக்கமாட்டீங்கன்னு மகள் பேர்ல பதிவு பண்ணச் சொன்னேன். நீங்க யாருன்னு அவளுக்குத் தெரியாது. போகச் சொன்னீங்கன்னா போயிடறேன்."

மெல்பா துறையை ஒரு தரம் பார்த்தாள். குளோவிஸ் கடை வாசலில் இறால் வலையோடு அப்படியே நின்றான். "லைஃப் ஜாக்கெட்டப் போட்டுக்குங்க" என்றாள். "வாரை நல்லா இழுத்துக் கட்டணும்."

ஒரு மணி நேரம் அவள் ஓடைகளின் வழியாக ஓட்டினாள். சிப்பிப் படுகை ஓரத்தில் நிறுத்தி, இரை கோத்து, அவர் கையில் தூண்டில் கோலைக் கொடுத்தாள். அவர் வீசவில்லை. அவளே வாங்கி வீசி, கோலைத் தாங்கியில் செருகினாள்.

"அங்க போலாமா?" என்று கேட்டார்.

"இதுதான் அங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். "இங்க ஒரு கரை இருந்துச்சே. மரம் இருந்துச்சு."

"சிப்பி முனையப் புயல் தின்னுடுச்சு. மரம் ரெண்டு மிச்சம்." உப்பேறிச் செத்த ஓக் மரங்கள் இரண்டு, தண்ணீருக்குள்ளிருந்து வெள்ளையாக நின்றன. "குழாய் இப்ப தண்ணிக்கு அடியில இருக்கு. நீங்க உக்காந்திருக்கற பக்கம், இருபதடி தள்ளி."

ஹார்லன் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். பேச ஆரம்பித்தபோது தண்ணீரைப் பார்த்தே பேசினார்.

"கிளம்பறப்ப நான் கேட்டேன் மேம். இவ்வளவு பனியா இருக்கே, போலாமான்னு. அவரு சிரிச்சாரு. 'எங்க வீட்டுக்காரி ஒம்பதுக்கு விலகிடும்னு சொல்லிட்டா. பனி விஷயத்துல அவ வாக்கு தப்பாது'ன்னாரு."

ஆறுதலாக ஒரு கதையைச் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். மெல்பா சுக்கானில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாலு வருஷமாக, நோலன் துறைக்குப் போய்த் தானே யோசித்துத்தான் கிளம்பியிருப்பார் என்று ஒரு சின்ன இடுக்கை அவள் தனக்காக வைத்திருந்தாள். அது மூடிக்கொண்டது.

"இங்க பனி எப்ப விலகிச்சு?" என்றாள்.

"பதினொண்ணரை இருக்கும்."

"நான் ஜன்னலத் திறந்துகூடப் பாக்கல" என்றாள். "சும்மா சொன்னேன். அடுப்புல வேலையா இருந்தேன், வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

அவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"நீங்க சொல்ல வந்தத முழுசாச் சொல்லிடுங்க. அதுக்குத்தானே வந்தீங்க."

அவர் சொன்னார். மோதியதும் இருவரும் வெவ்வேறு பக்கம் விழுந்தார்கள். ஐஸ் பெட்டி அவர் பக்கம் வந்தது. நோலனின் குரல் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்தது. முப்பதடி இருக்கும், முதலில்.

"நீந்தத் தெரியும் எனக்கு. பெட்டிய இழுத்துட்டே போயிருக்கலாம். அவரு வேணான்னாரு. 'என் சத்தத்தப் பாத்து வராதீங்க. தண்ணி இழுவை என்னை வெளிய கொண்டுபோகுது, உங்களையும் கொண்டுபோயிடும். பெட்டிய விடாதீங்க.' இதையே சொல்லிக்கிட்டிருந்தாரு. கத்தல, மேம். பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிக் கேக்கும். எனக்குப் போகணும்னு தோணல. அதான் உண்மை. அவரு வேணான்னு சொன்னது எனக்குச் சௌகரியமா இருந்துச்சு. அரை மணி நேரத்துக்கு மேல கேட்டுச்சு. அப்புறம் கேக்கல. வீட்டுல விளக்க அணைச்சா அந்தக் குரல் மறுபடி ஆரம்பிச்சுடுது."

படகு மெல்ல ஆடியது. மெல்பா கேட்டாள். "வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரு." ஹார்லன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. சொல்லாமலே இருந்துட்டேன். 'மெல்பாகிட்ட வியாழக்கிழமை ஆளுங்களுக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்க'ன்னாரு."

மெல்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். அவளால் நிறுத்த முடியவில்லை. மிசிசிப்பியிலிருந்து அண்ணன் தம்பி இருவர் அந்த வியாழக்கிழமை வருவதாக இருந்தது. அவர்களுக்குச் சொல்ல யாருக்கும் நினைவில்லை. விடியலில் தூண்டில் கோல்களோடு வந்து நின்றவர்கள் விஷயம் தெரிந்ததும் திரும்பவில்லை, தேடுகிற படகில் ஏறி இரண்டு நாள் தேடிவிட்டுப் போனார்கள். "வாய்ப்பேச்சு ஜாஸ்தி அவங்களுக்கு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்ல பையன்க."

அந்த நேரத்தில் தாங்கியில் இருந்த கோல் வளைந்து தூண்டில் நரம்பு கிறீச்சிட்டு ஓடியது. இருவரும் மறந்தே போயிருந்தார்கள். அவள் பழக்கத்தில் பாய்ந்து எடுத்து அவர் கையில் திணித்தாள். "தூக்காதீங்க! ஓட விடுங்க. இப்பச் சுத்துங்க. மெதுவா, மெதுவா, ஐயோ, மெதுவான்னா!" கால் மணி நேரம் கழித்து வாலில் கறுப்புப் புள்ளி வைத்த சிவந்த மீன் ஒன்று, பத்து ராத்தல் தேறும், படகின் தரையில் அடித்துக்கொண்டது. ஹார்லன் அதைப் பார்த்துக்கொண்டு மண்டியிட்டபடியே அழுதார். அவள் தடுக்கவில்லை. மீனை எடுத்து ஐஸில் போட்டாள்.

கரையில் மகள் படமெடுத்தாள். குளோவிஸ் ஒரு வார்த்தை பேசாமல் மீனைச் சுத்தம் செய்து கொடுத்தான். அவன் பேசாமல் இருந்து அன்றுதான் ஊர் பார்த்தது.

ஏப்ரலில் கென்ட்ரா கூப்பிட்டாள்.

"மேம், அப்பா இப்ப விளக்க அணைச்சுட்டுத் தூங்கறாரு. நாலு வருஷத்துக்கு அப்புறம். அன்னிக்கு என்ன பண்ணீங்க?"

"மீன் பிடிச்சோம்" என்றாள் மெல்பா. "தூங்கட்டும். எழுப்பாதீங்க."

அவள் மட்டும் தூங்கவில்லை. நோலன் போன விதத்தை நாலு வருஷம் அவள் ஊமைப்படமாகவே பார்த்துவந்தாள். பனி, தண்ணீர், பிறகு ஒன்றுமில்லை. இப்போது அதற்குக் குரல் வந்துவிட்டது. பனி இறங்குகிற காலைகளில் அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாள். ஓடை தெரியாது, துறை தெரியாது, அடுத்த வீட்டு மரக்கால்கள்கூடத் தெரியாது. பனிக்குள்ளிருந்து நோலனின் குரல், அவசரமில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல வரும். என் சத்தத்தைப் பார்த்து வராதே. அவள் கேட்டுக்கொண்டே நிற்பாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிப் போகும். பதினொன்றரைக்குப் பனி விலகும்.