மஞ்சள் படிவமும் ஒரு நாற்காலியும்

ஊரார் காய்ச்சலை அளக்கிற என்னை மாதிரி நர்சிடம் போய், உன் மனநிறைவை அளந்து சொல் என்றால் எந்தத் தெர்மாமீட்டரை வைப்பது? கான்ட்ராக்டில் வருஷா வருஷம் நீட்டிப்புக்குக் காத்துக்கிடக்கிறவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பேர் வேண்டாம்

எங்கள் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பணியாளர் மனநிறைவுப் படிவம் கொடுத்தார்கள். பேர் எழுத வேண்டாம், மனசில் இருப்பதை எழுதுங்கள் என்றார் ஆபீஸ் கிளார்க். பர்மனென்ட்காரர்களுக்கு வெள்ளைத் தாள், கான்ட்ராக்டுக்கு மஞ்சள். மேலே வார்டு நம்பர் வேறு. எங்கள் வார்டில் கான்ட்ராக்ட் என்றால் நானும் வார்டு உதவியாளர் செல்வியும்தான். அப்புறம் பேர் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன? கேட்டே விட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்:

"கலர் வேறயா இருந்தாத்தாம்மா பிரிச்சு அடுக்க சுலபம்."

செல்வியின் குறை

அடுத்த மாதம் நீட்டிப்பு. அந்தப் பயத்தில் என் தாளில் எல்லாக் கேள்விக்கும் 'மிக்க நிறைவு' என்று எழுதி வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. செல்விக்கு எழுத வராது, அதனால் அவள் சொல்லச் சொல்ல அவள் தாளையும் நானே எழுதினேன். ஓய்வறை பர்மனென்ட் சிஸ்டர்களுக்கு மட்டும். நாங்கள் இருவரும் துணி அடுக்கும் அறையில் நின்றபடிதான் டிபன் பாக்ஸைத் திறப்போம். அதை மட்டும் எழுத வேண்டாம், வம்பு என்று கெஞ்சினேன். காடாம்புலியூர்ப் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள், அசையவில்லை.

"நின்னுகினே சாப்புடறோம், ஒரு சேர் போடுங்கன்னு எழுதுக்கா. பொய்யா சொல்றேன்?"

ஒரே எழுத்து

மறுவாரம் மேனேஜர் என்னை மட்டும் கூப்பிட்டார். மகளின் படிப்பு, மந்தாரக்குப்பத்து வாடகை வீடு எல்லாம் அந்த வராண்டாவிலேயே கண்முன் வந்து போயின. மேஜையில் இரண்டு மஞ்சள் தாள், பக்கத்தில் என் டியூட்டி நோட்டு. குறை எழுதியது யார் என்றார். செல்வி என்றால் நான் தப்பிப்பேன், அவள் வேலை போகும். நான்தான் என்றேன். அவர் தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ரெண்டும் உங்க எழுத்துதான். இதுல எதும்மா உண்மை?"

நாற்காலி

நாலாம் நாள் துணி அறைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. நீட்டிப்பு உத்தரவு வரவில்லை. நாற்காலிக்குப் பக்கத்திலேயே இரண்டு பேரும் நின்று சாப்பிட்டோம். உட்காரேன்டி என்றேன் செல்வியிடம்.

"சேர் வந்துடுச்சுக்கா, உக்காரத்தான் பயமா இருக்கு."

மாதக் கடைசியில் எங்கள் இருவருக்கும் வழக்கமான ஒரு வருஷத்துக்குப் பதில் மூன்று மாத நீட்டிப்பு வந்தது. அந்த மஞ்சள் தாளால் பர்மனென்ட் ஆனது நாற்காலி ஒன்றுதான்.