முதல் லோடில் சிவந்த சிப்ஸ்

அன்று காலை சாம்பிள் பையைத் தட்டில் கொட்டியதும் குனிந்து உற்றுப் பார்த்தேன். மரச் சிப்ஸில் அங்கங்கே சிவப்புத் திட்டுகள்.

காகித ஆலை லேபில் நான் சீனியர் கெமிஸ்ட். லோடு வந்தால் மேலே, நடுவே, அடியில் என மூன்று இடத்தில் சாம்பிள் எடுப்போம். ஈரம், பட்டை, தூள் எல்லாம் அளவோடு இருந்தால்தான் லாரி உள்ளே போகும். இது உடுமலைப் பக்கத்துக் கமலத்தின் முதல் லோடு. தென்னை காய்ந்துபோன தன் காட்டில் சவுக்கு நட்டு வளர்த்தவர். அங்கேயே மெஷின் வைத்துச் சிப்ஸாக்கி, லாரியோடு தானும் வந்து கேட்டில் நின்றிருந்தார்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "பூஞ்சைங்க. திருப்பி அனுப்பிப்போடுங்க. அந்தக் காட்டு மரமே நமக்கு வேண்டாம்."

பூஞ்சை பிடித்த மரத்தில் கூழ் தேறாது. அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நடு சாம்பிளும் அடி சாம்பிளும் வெள்ளை வெளேரென்று இருந்தன. பூஞ்சை மேலே மட்டும் ஏறி உட்காருமா? எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு சிப்ஸை எடுத்துத் தேய்த்தேன். விரலில் சாயம் ஒட்டியது. பூஞ்சைக் கறை இப்படி ஒட்டாது. ஒரு சொட்டு ஆசிட் விட்டேன். சிவப்பு போய் மஞ்சளானது.

நேராகக் கேட்டுக்கு நடந்தேன்.

"ஏனுங்க, லோடு மேல ஏதாச்சும் ஊத்துனீங்களா?"

கமலத்தின் முகம் வெளிறியது. "மொத லோடுங்க மேடம். கண்ணு பட்டுருமேன்னு ஒரு குண்டா ஆரத்தி கரைச்சுச் சுத்துனேன். ரோட்டுல ஊத்துனா டயரு மிதிக்குமேன்னு, ஏணி போட்டு ஏறி மேலயே ஊத்திப்போட்டனுங்க. தப்புங்களா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும்தான் அந்தச் சிவப்பு; ஆசிட் பட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். மேலே இருந்ததை மட்டும் வழித்து ஒதுக்கிவிட்டு, வேறு சாம்பிள் எடுத்து எல்லாச் சோதனையும் செய்தோம். பழுதில்லை. மேனேஜரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். லாரி எடைமேடையில் ஏறியபோது கமலம் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாம்பிளைப் பார்த்துச் சந்தேகம் வந்தால், கேட்டில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். என் வீட்டு விசேஷங்களில் எத்தனை முறை ஆரத்தி கரைத்திருப்பேன்! அந்த நிறம் லேப் தட்டில் கிடந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை.