புரோக்கர்கள் தேவையில்லை

அந்தப் பலகையை நானேதான் எழுதினேன். பழைய அலமாரிக் கதவொன்றை அறுத்து, இரண்டு கோட்டிங் வெள்ளை பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் கறுப்பில் 'வீடு விற்பனைக்கு' என்று பெரிதாக எழுதினேன். கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதில் 'புரோக்கர்கள் தேவையில்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த அடிக்கோட்டை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. அவ்வளவு திமிர் எனக்கு அப்போது.

வீடு அஸ்தினாபுரத்தில். எண்பதுகளின் தொடக்கத்தில் மனை வாங்கியபோது தெருவில் எங்களோடு சேர்த்து நாலே வீடுகள். மழைக்காலத்தில் குரோம்பேட்டை ஸ்டேஷனிலிருந்து வர, பாதி வழி சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டியிருக்கும். மனைக்காக என் மனைவியின் வளையல்கள் ஆறும் போயின. ஆனால் கிணறு தோண்டியபோது பதினைந்தடியிலேயே ஊற்று வந்துவிட்டது. அவள் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "இளநி மாதிரி இருக்குங்க" என்றாள். வளையல் போன வருத்தம் அன்றோடு அவளுக்குத் தீர்ந்துவிட்டது.

பத்து வருஷத்தில் தெரு நிறைந்தது. ஆளுக்கொரு போர்வெல் போட்டார்கள். எங்கள் கிணறு வற்றியது. நாங்களும் போர் போட்டோம், உப்புத் தண்ணீர் வந்தது. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குக்கரில் எட்டு விசில் விட்டாலும் துவரம்பருப்பு போட்டது போட்டபடி கிடக்கும். குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணீர்தான் கதி என்று ஆனது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை பத்து மணிக்கு மேல் தெருமுனைக்கு லாரி வரும். நான் ஏழு நாற்பது ரயிலைப் பிடித்து பீச் ஸ்டேஷன் பக்கம் ஆபீஸுக்குப் போய்விடுவேன். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருந்தாள். ஆகவே வரிசையில் நின்றவள் என் மனைவி. எட்டுக் குடம். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நாலு நடை. ஞாயிற்றுக்கிழமை லாரி கிடையாது, அது எனக்கு வசதியாகப் போயிற்று.

முதலில் முதுகுவலி என்றாள். தைலம் வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் வலியில் தரையில் சுருண்டு கிடந்தபோதுதான் டாக்டரிடம் போனோம். சிறுநீரகத்தில் கல். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணி குடிக்கணும்மா. குறையக் கூடாது" என்றார் டாக்டர். அவள் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். குடிக்கிறாளா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சாயங்காலம் நான் வந்ததும் சொம்பு நிறைய என் முன்னால் வைப்பாள், நான் மடக் மடக்கென்று குடித்துவிட்டு இன்னொன்று கேட்பேன்.

"வித்துட்டு குழாய்த் தண்ணி வர்ற இடமாப் பாத்துப் போயிடலாங்க. வாடகை வீடா இருந்தாலும் பரவால்ல" என்று அவள்தான் ஆரம்பித்தாள். "டீக்கடை புரோக்கர்கிட்ட சொல்லி வைங்க. அவர் ஆளக் கூட்டிட்டு வருவார்."

ஸ்டேஷனிலிருந்து எங்கள் பக்கம் திரும்பும் முனையில் ஒரு டீக்கடை. அதன் பெஞ்சுதான் அந்தப் புரோக்கருக்கு ஆபீஸ். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு டைரி, வாசலில் ஒரு பழைய மொபெட். அந்தப் பகுதியில் காலி வீடு, மனை, போர்ஷன் எது கேட்டாலும் ஜனங்கள் முதலில் அந்தப் பெஞ்சுக்குத்தான் போவார்கள். நான் போகவில்லை. விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி அவரே வந்தார்.

"இன்னா சார், வூடு விக்கிறீங்களாமே. நம்மகிட்ட வுடுங்க. ரெண்டு பர்சென்ட் குடுங்க, ரெண்டு மாசத்துல முடிச்சிர்றேன்."

"கட்டத் தெரிஞ்ச எனக்கு விக்கத் தெரியாதா?" என்றேன்.

"தெரியும் சார். ஆனா தண்ணி ஒரு பேஜார் கீதே. வர்றவன் அத்தத்தான் மொதல்ல கேப்பான்."

"அதுக்குப் பொய் சொல்லி விக்கலாங்கறீங்களா?"

"பொய் எதுக்கு சார்? தண்ணி தேவப்படாத ஆளாப் பாத்து இட்டுகினு வரணும். அதான் எங்க வேலையே."

தண்ணீர் தேவைப்படாத மனுஷன் எந்த ஊரில் இருக்கிறான் என்று நக்கலாகக் கேட்டேன். அவர் டைரியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். உட்கார்ந்த இடத்தில் இரண்டு பர்சென்ட் அடிக்கிற கூட்டம் என்று அவர் காதில் விழும்படியே சொன்னேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை பலகை எழுதினேன். அவள் காப்பியோடு வந்து நின்று பார்த்துவிட்டு, "அந்தக் கீழ் வரி வேணாமேங்க" என்றாள். நான் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

பேப்பரிலும் இரண்டு வரி விளம்பரம் கொடுத்தேன். ஆட்கள் வந்தார்கள். ஆனால் எங்கள் தெருவைக் கண்டுபிடிக்க அந்த டீக்கடையில்தான் வழி கேட்க வேண்டும். அதை நான் யோசிக்கவில்லை. பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிட்டார்கள். வந்தவர்களில் ஒருவர், "அந்த வூட்டுல தண்ணி சரியில்லன்னு டீக்கடையில சொன்னாங்களே" என்று என்னிடமே கேட்டார். புரோக்கர் மேல் எனக்குக் கொலைவெறி வந்தது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் சண்டைக்கும் போக முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்கள் சுவரைத் தட்டுவார்கள், மொட்டை மாடிக்குப் போய்க் காற்று வாங்குவார்கள். பெண்கள் நேராகப் பின்பக்கக் குழாய்க்குப் போய் உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து நாக்கில் வைப்பார்கள். அப்புறமும் சந்தேகம் என்றால் ஒரு பாட்டிலில் வாங்கிப் போவார்கள். வீட்டில் பருப்பு வேகவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் பேச்சு. எங்கள் பாட்டில் போன வீடுகளிலிருந்து யாரும் திரும்பி வரவில்லை.

"உள்ளதச் சொல்லி விலையக் கொறச்சுக்கலாங்க. யாராவது வாங்குவாங்க" என்றாள் என் மனைவி.

"கல்லு, கம்பி, சிமென்ட் என்ன வெலைக்கு வாங்கினேன்னு தெரியுமா உனக்கு? சும்மா தூக்கிக் குடுக்கவா?"

அவள் அதற்கு மேல் பேச மாட்டாள். அந்தக் குணத்தை நல்ல குணம் என்று வெளியில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

எட்டு மாதம் போனது. அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் எங்கேயோ ஆபீஸில் வேலை, அந்தப் பெண் ஆறு மாத கர்ப்பம். அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. தொட்டில் கட்டுகிற கொக்கியைக்கூட அந்தப் பெண் பார்த்துவிட்டாள். கால் வீங்கியிருந்ததால் குழாய்க்குப் போகாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அக்கா, ஒரு பாட்டில் தண்ணி குடுங்க, பருப்பு வேகுதான்னு பாத்துர்றேன்" என்றாள்.

என் மனைவி சமையலறைக்குப் போனாள். நான் அவர்களுக்கு விசிறி எடுக்க அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். அவள் லாரித் தண்ணீர் வைத்திருக்கும் டிரம்மைத் திறந்து அதிலிருந்து பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றது. கண்ணாலேயே கெஞ்சினாள். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள் என்னிடம் எதற்காகவும் அப்படிக் கெஞ்சியதில்லை.

நான் கூடத்துக்கு வந்து, "அவ குடுக்கறது லாரித் தண்ணி. எங்க போர்ல வர்றது உப்புத் தண்ணி. நான் மறைச்சு விக்கிற ஆள் இல்ல" என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்.

அந்த மனிதர் கோபப்படவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பரவால்ல சார், சொன்னீங்களே. அதுக்குத் தகுந்தாப்ல ஏதாவது கொறைச்சீங்கன்னா நாங்க யோசிக்கிறோம்" என்றார்.

"விலை ஒரே விலைதான்" என்றேன். அவர்கள் எழுந்து போனார்கள்.

அந்தக் கர்ப்பிணிப் பெண்ணை ஏமாற்ற விடாதது சரிதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் உண்மையைச் சொன்னவன் அந்த உண்மைக்கு உண்டான விலைக்கும் இறங்கியிருக்க வேண்டும். நான் நல்ல பெயரையும் விடவில்லை, முழு விலையையும் விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் என் மனைவி பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு அவள் அந்தப் பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சிந்தாமல் டிரம்மில் ஊற்றி மூடினாள். "பொய் சொல்லணும்னு எனக்கு மட்டும் ஆசையா? எட்டுக் கொடம். என்னால முடியலங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்குமோ என்னவோ. அந்த வாரம் முழுக்க ரயிலில் கூட வருகிறவர்களிடம் நான் உண்மை சொன்ன கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சித்திரை வெயிலில் அவளுக்குக் குளிர்ஜுரம் வந்தது. போர்வை மேல் போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். கல் அடைத்து, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். "தண்ணி எவ்வளவு குடிப்பாங்க?" என்று டாக்டர் கேட்டபோது நான் விழித்தேன். பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மாதான் பதில் சொன்னாள்.

"மத்தியானத்துக்கு மேல அக்கா குடிக்கவே மாட்டாங்க டாக்டர். சார் வந்து கேப்பார்னு எடுத்து வெச்சிடுவாங்க."

நாலாம் நாள் அவள் போய்விட்டாள். குடம் எட்டும் சமையலறையில் கவிழ்த்தபடி இருந்தன. லாரி வழக்கம்போல் வந்தது. நான் முதல் தடவையாக அந்த வரிசையில் போய் நின்றேன். ஒரே ஆளுக்கு இரண்டு குடம் போதுமாக இருந்தது.

வருஷத் திதி கழிந்ததும் பலகையைக் கழற்றினேன். டீக்கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் புரோக்கர் எழுந்து நின்று, பெஞ்சைத் துண்டால் துடைத்து, "ஒக்காருங்க சார்" என்றார். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றே வாரத்தில் ஒருவரைக் கூட்டி வந்தார். வந்தவர் சுவரைத் தட்டவில்லை, குழாய்ப் பக்கம் போகவில்லை. ஒரு டேப்பைப் பிடித்து மனையின் முகப்பை அளந்தார். நான் வழக்கம்போல் உண்மையை ஆரம்பித்தேன். "தண்ணி உப்புங்க இங்க."

"இருக்கட்டும் சார். இத இடிச்சிட்டு ஃப்ளாட் போடப் போறோம். எனக்கு எடந்தான்" என்றார். என் விலையைக் கேட்டார், மறுபேச்சுப் பேசவில்லை.

அவர் போன பிறகு புரோக்கரிடம் கேட்டேன். "அப்ப நீங்க சொன்னது இந்த மாதிரி ஆளைத்தானா? அன்னிக்கே கெடைச்சிருப்பாங்களா?"

அவர் மொபெட்டின் ஸ்டாண்டை எடுத்தார். "இப்ப இன்னாத்துக்கு சார் அது" என்றார்.

பதிவுக்கு மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். வாரிசு சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். பத்திரம் எழுதுகிறவர் மூலப் பத்திரத்தைப் பிரித்து, மனை வாங்கியவர் பெயரைச் சத்தமாகப் படித்தார். அவள் பெயர். வளையல் விற்றுத்தானே வாங்கினோம், உன் பெயரிலேயே இருக்கட்டும் என்று அன்றைக்கு நான்தான் பெருந்தன்மையாகச் சொன்னேன். அதை அன்றே மறந்தும் போனேன். அதற்குப் பிறகு என் வீடு, என் கல்லு, என் விலை.

பதிவாளர் எல்லோரிடமும் கேட்பதைத்தான் எங்களிடமும் கேட்டார். "விக்கிறதுல உங்களுக்கு முழுச் சம்மதந்தானே?"

மகள் "ஆமா சார்" என்றாள். என் முறை வந்தபோது எனக்குக் குரல் எழும்பவில்லை. பின்னால் நின்ற புரோக்கர்தான், "சம்மதந்தான் சார், சம்சாரம் தவறிட்டாங்கோ, அதான்" என்று எனக்காகச் சொன்னார்.

அந்தக் கேள்வியை நான் அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காமலே, 'அந்தக் கீழ் வரி வேணாமேங்க' என்று அவள் பதில் சொல்லியிருந்தாள். நான் அப்போது பலகையில் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.