எருக்கங்காய்க்குள் கூன்வண்டு

திருவள்ளூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். எருக்கங்காய்க்குள் வாழும் ஒரு கூன்வண்டைத் தேடிச் சில ஆண்டுகளாக அலைகிறேன். சாம்பல் பூசியது போன்ற உடம்பு, வளைந்த நீள மூக்கு. அதைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. பயிரைத் தின்னாத பூச்சியை யார் சீண்டுவார்கள்?

கும்மிடிப்பூண்டியில் மூடிக்கிடக்கும் ஒரு கம்பெனிக்குள் எருக்கு ஆள் உயரத்துக்கு வளர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வாட்ச்மேன் முன்பு அங்கேயே மெஷின் ஓட்டியவர். கேட்டைத் திறந்துவிட்டார், பின்பக்க ஷெட்டுக்கு மட்டும் போகவேண்டாம் என்றார். எருக்கு இருந்ததே அங்கேதான்.

“அந்தாண்ட போவாதீங்க டீச்சர். யாரோ சொரண்டிக்கினே இருக்காங்க.”

“யாரு அண்ணா?”

“ஆளே இல்ல. சத்தம் மட்டும் வருது.”

போனேன். உச்சிவெயில். ஓர் இலைகூட அசையவில்லை. ஆனால் சத்தம் இருந்தது, யாரோ நகத்தால் சுவரைக் கீறுவதுபோல மெல்லியதாக. ஒரு காயைப் பறித்துக் காதில் வைத்தேன். அதற்குள்ளிருந்துதான் வந்தது.

அவரைக் கூப்பிட்டு, பயம் தெளியட்டுமென்று காயைப் பிளந்து காட்டினேன். பஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் பழுப்புத் தூள், மூன்று வண்டுகள். உள்ளங்கையில் கொட்டியதும் கால்களை மடக்கிக்கொண்டு மூன்றும் மல்லாந்தன.

“செத்துப்போச்சா?”

“இல்லண்ணா, நடிக்குது. பாத்துக்கிட்டே இருங்க.”

காத்திருந்தோம். ஒன்று காலை நீட்டியது. இன்னொன்று புரண்டு நடந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

“என்கூட வேல செஞ்சவன் இந்த ஷெட்லதான் கரண்ட் அடிச்சு வுழுந்தான். இப்படியேதான் கெடந்தான். எழுந்துப்பான்னு பாத்துக்கினு இருந்தேன், அதுக்குள்ள தூக்கினு பூட்டாங்க. இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருக்கணும், இல்ல டீச்சர்?”

வண்டுகளை அவர் உள்ளங்கைக்கு மாற்றிவிட்டு என் பையை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் போனபோது அவர் ஷெட் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு அட்டையில் வண்டுகளை வரிசையாக மல்லாத்தி வைத்திருந்தார். தொட்டுப் பார்த்தேன். பாதிக்குமேல் காய்ந்து வெறும் ஓடு.

“இதெல்லாம் நெசமாவே செத்துப்போச்சு அண்ணா.”

“அவசரப்படாதீங்க,” என்றார், கண்ணை எடுக்காமல்.

காய் எதுவும் பறிக்காமல் கிளம்பினேன். கேட்டருகே திரும்பிப் பார்த்தபோது, அவர் குனிந்து அவற்றிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் மீஞ்சூர் பக்கம் ரயில் பாதையோரத்தில்தான் காய் பறிக்கிறேன்.