சுனை மீனும் கரி பஸ்ஸும்

யுத்த காலம். மலேரியாவுக்கான கொயினா மாத்திரை பெரம்பலூர்ப் பக்கம் கண்ணில் படவில்லை. என் மனைவி இரண்டு முறை குளிர்காய்ச்சலில் விழுந்து எழுந்திருந்தாள். இன்னொரு முறை வந்தால் தாங்கமாட்டாள் என்று டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கிணற்றில் மீன் விட்டால் கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்று படித்திருந்தேன். நான் படித்தவற்றில் உபயோகமானது அது ஒன்றுதான்.

குரும்பலூரில் மாமனார் வீட்டில் இருந்தோம். சுத்த சைவம். "குடிக்கிற கெணத்துல மீனா?" என்று எழுந்தே விட்டார். மறுநாள் அவரே வழியும் சொன்னார்: "பச்சைமலைக் கோயில் சுனையில கெடக்கே, அத வேணா கொண்டாங்க மாப்ளே. யாரும் திங்கறதில்ல. சாமியோடது, மீன்ல சேராது."

ஏரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. நான் மலையேறினேன்.

விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். குளிர்ந்த தண்ணீரிலேயே வளர்ந்தவை. அடிவாரத்தில், பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரிப் புகையில் ஓடிய கரி பஸ்ஸில் ஏறும்போதே குடத்தில் இரண்டு மல்லாந்துவிட்டன. பாதி வழியில் பஸ் நின்றது. டிரைவர் நேராக என்னிடம் வந்தார்.

"அந்தக் கொடத்தைக் குடுங்க சார். எஞ்சின் கொதிக்குது."

"மீன் இருக்குப்பா."

"கொழம்பு நாளைக்கு வச்சுக்கலாம் சார். பஸ் இன்னைக்குப் போவணும்ல?"

பஸ்ஸே சிரித்தது. நான் குடத்தைக் கட்டிக்கொண்டேன். "வூட்டுல காய்ச்சல். கொசுவுக்காகக் கெணத்துல விடணும்" என்றேன். சிரிப்பு நின்றது, டிரைவரின் கை நீட்டியது நீட்டியபடி இருந்தது.

பக்கத்திலிருந்த லப்பைக்குடிக்காட்டு வியாபாரி குடத்துக்குள் விரலை விட்டார். "சுடுதே சார்! நீங்க குடுக்காட்டியும் செத்துரும்." என் துண்டை வாங்கிக் குடத்தின் வாயில் கட்டி, பாதிச் சுடுநீரை டிரைவருக்கு வடித்தார். தன் கூஜாவிலிருந்த குளிர்ந்த நீர் முழுவதையும் மீனுக்கு ஊற்றினார். பஸ் உறுமியது. வீடு சேரும்வரை குடத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மிஞ்சியது ஒரு கைப்பிடி. மாமனார் குடத்தைக் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்: "இதுங்க என்ன திங்கும்?"

"கொசுப்புழு."

"உசுரையா?" கை பின்வாங்கியது.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அந்தப் புழுதாம்ப்பா என்னையத் திங்குது. விடுங்க."

குடத்தை அவரே சாய்த்தார்.

அதன்பின் தினமும் விடிந்ததும் அவர் கிணற்றில் ஒரு பிடி சோறு போட்டு, மீன்களைச் சைவமாக்கப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பேன். திரும்பி வந்து அவள் நெற்றியைத் தொடுவேன். மழைக்காலம் முடியும்வரை அந்த நெற்றி சுடவில்லை.