சுரத்தை வளைத்த மதியம்

1988 டிசம்பரில் அம்பத்தூர் வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். பழைய அனலாக் சிந்தசைசர் கீபோர்டு ஒன்று வாங்கியிருந்தேன். அதன் ஓரத்துச் சக்கரத்தைத் தள்ளினால் சுரம் வளையும். ஆனால் கர்நாடக இசையின் கமகத்துக்கு அந்த வளைவு போதவில்லை. ஞாயிறு மதியம் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த திருகைத் திருப்பி, வளைவைக் கூட்டிக் கூட்டி வாசித்துப் பார்த்தேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்கா கரண்டியோடு நின்றார். அதுவரை நாங்கள் பேசியதில்லை.

“இன்னா தம்பி, அழுதுகினு கீறியா?”

“இல்லக்கா, கீபோர்டு வாசிக்கிறேன்.”

“அடப்பாவி! இதுக்கா அடுப்ப அணைச்சிட்டு ஓடியாந்தேன்? உன் ஊட்டுக்கு ஈ காக்கா கூட வர்றதில்லியே, அதான் பயந்துட்டேன்.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் கதவைச் சாத்தாமல் நின்றேன். என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்பது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.