எதுவரைக்கும் தெரியுது?

அத்தைக்கு இருந்ததே ஒரு கண்தான். இன்னொன்று சின்ன வயதில் அம்மை போட்டுப் போயிற்று. மிஞ்சியதிலும் காப்பிப் பழம் பறிக்கும்போது கிளை குத்திப் புண்ணாகி, கருவிழியில் வெள்ளை விழுந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு, இறந்துபோன யாரோ ஒருவர் கொடுத்த கருவிழியை வைத்துத் தைத்தார்கள். பார்வை மெல்ல மெல்லத் தெளிந்தது. ஒரு நாள் என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, "உனக்கு மூக்குல மச்சம் இருக்குதா கண்ணு!" என்றாள் அத்தை. அதுவரை என் மச்சத்தை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கண் சிவந்தாலோ, கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொட்டு மருந்து வேளைக்கு அப்பாவின் செல்போன் அலறும். மொத்த வீடும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டது.

ஆனால் ஐப்பசி பிறந்தால் எங்கள் நாகலூரில் யாருக்கு என்ன தெரியும்? எஸ்டேட்டுக்குள் மூட்டம் இறங்கிவிடும். முதலில் எதிர் மலை போகும், பிறகு சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகப் போகும். பஸ் வந்தால் அதன் சத்தம் மட்டும்தான் வரும். கோழிகள்கூட யோசித்துத்தான் அடி எடுத்து வைக்கும். காலையில் நானும் அத்தையும் ஒரே போர்வைக்குள் வாசலில் உட்கார்ந்துகொள்வோம்.

"எதுவரைக்கும் தெரியுது கண்ணு?"

"வேலி வரைக்கும் அத்தை. உங்களுக்கு?"

"எனக்கும் வேலிதான்."

அதிக தூரம் பார்த்தவருக்கு ஜெயம். ஆரம்பத்தில் அவள்தான் ஜெயித்தாள். பிறகு நான் ஜெயிக்க ஆரம்பித்தேன். நான் மரம் என்றால் அவள் வேலி என்பாள், நான் வேலி என்றால் அவள் வாசலை ஒட்டிய குழாய் என்பாள். பெரியவளைத் தோற்கடிப்பது எவ்வளவு இனிமை! கண் லேசாகச் சிவந்ததற்கு அடுப்புப் புகை காரணமாயிற்று. வெள்ளை வெள்ளையாக மிதந்துபோன காலைகள் அவை. இன்றும் கனவில் வருகின்றன.

ஒரு நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மா களத்தில் காப்பிப் பழத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். எதிர் மலையில் மேயும் மாடுகூட எனக்குத் தெரிந்தது. அத்தை நிதானமாகச் சொன்னாள்: "இன்னைக்கு நொம்ப மூட்டம். குழாய்கூடத் தெரியல."

அம்மாவின் கை நின்றது. "ஏனுங்க, இங்க ஓடி வாங்க!" என்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

அடுத்த பஸ்ஸில் சேலம் போனோம். டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். "வெச்ச விழியை உடம்பு வேத்தாளுன்னு நெனச்சு எதுத்திருக்கும்மா. மருந்து விட்டாலும் சிலருக்கு இப்படி ஆகும். மங்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா அடக்கிப் பார்த்திருக்கலாம். இப்ப முழுசா வெளுத்திருச்சு."

"மலையில எல்லாருக்குமே மங்கலாத்தானுங்க இருந்துச்சு," என்றார் அப்பா.

வேறு விழி கிடைத்தால் இன்னொரு முறை பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அத்தை அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"கொடுத்தவங்க ஊட்டுக்கு இது தெரியுமாங்க?"

"நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம்மா."

"சொல்லிராதீங்க. எங்கியோ ஒருத்தர் பாத்துட்டு இருக்காங்கன்னே அவங்க நெனச்சுட்டு இருக்கட்டும்."

கொடுத்த பொருளைக் கெடுத்துவிட்டாயே என்று அவர்கள் திட்டுவார்கள், அதற்குத்தான் அத்தை பயப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் காதோரம் போய், "அவங்க வந்து கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன் அத்தை," என்றேன். அவள் என் முகத்தைத் தடவினாள். யாரென்றே தெரியாத ஒரு வீட்டில் இரண்டாம் முறை சாவு விழாமல் அவள் பார்த்துக்கொண்டாள் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. பெரிய ரகசியம் ஒன்று கைக்கு வந்துவிட்ட பெருமையில், மலை ஏறும்வரை வாயை இறுக மூடிக்கொண்டு வந்தேன்.